பி.ஆர். அம்பேத்கர்: அந்த 'ஆர்' யார்?

(சுபேதார் ராம்ஜி சக்பால் நினைவு நாளையொட்டி நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஏப்ரல் 14 வந்தால் சேரிக்குச் சேரி மாலை போடுகிறோம். டிசம்பர் 6 வந்தால் மெழுகுவத்தி ஏற்றுகிறோம். பிப்ரவரி 2 என்ன நாள் என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சட்டென்று பதில் வராது. 1913ஆம் ஆண்டு அந்த நாளில் பம்பாயில் ஓய்வுபெற்ற இராணுவ சுபேதார் ஒருவர் கண்ணை மூடினார். அவர் கட்சி நடத்தியவரில்லை. புத்தகம் எழுதியவரில்லை. பட்டாளத்தில் வேலை பார்த்தார், பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார், ஓய்வுபெற்றார், பிள்ளைகளைப் படிக்க வைக்கப் படாதபாடு பட்டார். அவ்வளவுதான் அவர் கதை. பெயர் ராம்ஜி மாலோஜி சக்பால். அண்ணல் அம்பேத்கரின் அப்பா.

நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து போடுகிறோம். அது அப்பாவின் பெயர். சாதிப் பெயரை வாலாகக் கட்டிக்கொண்டு திரிவதை விட்டொழித்த பிறகு நமக்கு மிஞ்சியது அந்த ஓர் எழுத்துதான். மராட்டியத்தில் அப்பாவின் பெயரை நடுவில் வைப்பார்கள். பீம்ராவ் ராம்ஜி அம்பேத்கர். நாம் பி.ஆர். அம்பேத்கர் என்கிறோம். அந்த 'ஆர்' யார் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பேச வேண்டிய தேவையும் இருக்கிறது.

2018 மார்ச் மாதம் உத்தரப் பிரதேச அரசு ஓர் ஆணை போட்டது. இனி அரசு ஆவணங்களில் எல்லாம் 'பீம்ராவ் ராம்ஜி அம்பேத்கர்' என்று முழுப் பெயரையும் எழுத வேண்டும் என்றது. அரசமைப்புச் சட்டத்தில் அவர் இட்ட கையெழுத்து அப்படித்தான் இருக்கிறது என்று காரணம் சொன்னது. காரணம் தப்பில்லை, கையெழுத்து உண்மைதான். ஆனால் ராமன் பெயரைச் சொல்லி ஓட்டு வாங்கும் கட்சிக்கு, திடீரென்று அந்த நடுப்பெயர் மீது மட்டும் பாசம் பொங்கியது ஏன் என்பது நாட்டுக்கே விளங்கியது. ராமனையும் கிருஷ்ணனையும் கேள்விக்கூண்டில் நிறுத்தி எழுதிய மனிதரின் பெயருக்குள்ளேயே ராமனைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற குதூகலம் அது.

அப்போது நம் தோழர்கள் சிலர், ராம்ஜி என்ற பெயரையே எழுத வேண்டாம் என்று கோபப்பட்டார்கள். கோபம் நியாயமானது. ஆனால் அதற்காக ஒரு தகப்பனின் பெயரை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? அது கோயிலில் இருக்கும் ராமனின் பெயரில்லை. தன் பிள்ளை படிக்க வேண்டும் என்று மகளின் நகையை அடகு வைத்த ஒரு கிழவரின் பெயர். அவரை நாம் தெரிந்து வைத்திருந்தால் எவரும் அந்தப் பெயரைக் களவாட முடியாது.

பட்டாளம் தந்த எழுத்து

ராம்ஜியின் பூர்வீகம் இரத்தினகிரி மாவட்டத்தில் உள்ள அம்பவடே என்ற கிராமம். மகார் சாதி. ஊருக்குள் மகார்களுக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். செத்த மாட்டைத் தூக்க வேண்டும், ஊர்ச் சேதி சொல்ல ஓட வேண்டும், ஊரார் போடுவதைத் தின்ன வேண்டும். பேஷ்வாக்கள் காலத்துப் பூனாவில் தீண்டப்படாதவர் கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுதியிருக்கிறார்.

அந்த வேலையை விட்டு வெளியேற அன்றைக்குத் திறந்திருந்த கதவு ஒன்றே ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளம். ராம்ஜியின் அப்பா மாலோஜியும் சிப்பாய்தான். ராம்ஜி மணந்துகொண்ட பீமாபாயும் முர்பாடைச் சேர்ந்த பட்டாளத்துக் குடும்பத்துப் பெண்தான். கம்பெனி ஆட்சி தொடங்கிய காலத்திலேயே தம் முன்னோர் குலத்தொழிலை விட்டுவிட்டுப் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள் என்று அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதுகிறார்.

'வெள்ளைக்காரனுக்குச் சேவகம் செய்தவர்கள்தானே' என்று இன்றைக்கும் சிலர் ஏளனம் பேசுகிறார்கள். 1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்றவர்களைப் பற்றியும் இதே பேச்சுதான். நாம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான். உன் நாடு அவனுக்கு என்ன கொடுத்தது? கழுத்தில் கலயம் கொடுத்தது. பட்டாளம் சீருடை கொடுத்தது, மாதச் சம்பளம் கொடுத்தது, எல்லாவற்றுக்கும் மேலே எழுத்து கொடுத்தது. பட்டாளத்தில் இருந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் படிப்பு கிடைத்தது. அந்தக் காலத்தில் ஒரு மகார் சிறுவன் ஊர்ப்பள்ளியின் திண்ணையில்கூட உட்கார முடியாது. ஆனால் ஒரு மகார் சிப்பாய் படித்து, பூனாவில் ஆசிரியப் பயிற்சி பெற்று, இராணுவப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியராக முடிந்தது. ராம்ஜி அப்படி வந்தவர். பதினான்கு ஆண்டுகள் அந்த வேலை பார்த்தார். சுபேதார் பதவி வரை உயர்ந்தார்.

மத்தியப் பிரதேசத்து மாவ் இராணுவக் குடியிருப்பில் அவர் வேலை பார்த்தபோது, 1891 ஏப்ரல் 14 அன்று பதினான்காவது பிள்ளையாக பீம் பிறந்தான். பதினான்கில் பிழைத்து வளர்ந்தவர்கள் ஐந்து பேர்தான். பலராம், ஆனந்தராவ், பீம்ராவ் என மூன்று பையன்கள், மஞ்சுளா, துளசா என இரண்டு பெண்கள். பட்டாளத்துச் சம்பளம் வாங்கிய வீட்டிலேயே இத்தனை பிள்ளைச் சாவு என்றால், ஊர்ச்சேரியில் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கதவு சாத்தப்பட்டது

ஆனால் வெள்ளைக்காரனும் நமக்காகப் பட்டாளம் நடத்தவில்லை. 1857 எழுச்சிக்குப் பிறகு அவனுக்கு மேல்சாதிகளைப் பகைத்துக்கொள்ளப் பயம். 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்று ஒரு கதையைக் கட்டினான். சில சாதிகள்தான் பிறவியிலேயே வீரர்களாம், மற்றவர்கள் துப்பாக்கி தூக்க லாயக்கில்லாதவர்களாம். 1892 வாக்கில் மகார்களைப் பட்டாளத்தில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. நூறு வருடமாகச் சண்டை போட்டவனைப் பார்த்து, நீ சண்டைக்கு ஆகாதவன் என்றார்கள். மனுவின் சட்டத்துக்கு இங்கிலீஷில் ஒரு மொழிபெயர்ப்பு வந்த மாதிரிதான். நம் பக்கத்தில் மதராஸ் பட்டாளத்தில் காலங்காலமாக இருந்த பறையர்களுக்கும் அதே காலத்தில் இந்தக் கதையால் இடம் சுருங்கியது.

ராம்ஜியின் பொதுவாழ்க்கை என்று ஒன்று உண்டென்றால் அது இங்கேதான். அந்தத் தடையை எதிர்த்து அரசுக்கு விண்ணப்பம் அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். நீதிபதி ரானடேயிடம் போய், விண்ணப்பத்தை எழுதித் தர உதவி கேட்டார். கோபால் பாபா வலங்கர் என்ற இன்னொரு ஓய்வுபெற்ற சிப்பாயும் இதே கோரிக்கைக்காகப் போராடினார். தீண்டாமைக்கு எதிராக எழுத்தில் இயக்கம் நடத்திய முன்னோடி அவர். ஆக, மராட்டியத்தில் தீண்டப்படாதோரின் முதல் அரசியல் குரல்கள் எங்கிருந்து கிளம்பின என்று பார்த்தால், ஓய்வூதியம் வாங்கிய பட்டாளத்துக்காரர்களின் வீட்டுத் திண்ணைகளில் இருந்துதான் கிளம்பின. ராம்ஜியின் விண்ணப்பம் அவர் காலத்தில் பலிக்கவில்லை. முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது மகார் படை அமைத்தார்கள், போர் முடிந்ததும் கலைத்தார்கள். 1941இல்தான் மகார் ரெஜிமெண்ட் நிலையாக அமைந்தது. அப்போது பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருந்தவர் பெயர் டாக்டர் அம்பேத்கர். அப்பன் கொடுத்த மனுவை மகன் முடித்து வைத்தார் என்று சொன்னால் மிகையில்லை.

சத்தாராவில் ஒரு குடும்பம்

ஓய்வுபெற்றதும் ராம்ஜி குடும்பத்தோடு கொங்கணத்தில் உள்ள தாபோலிக்குப் போனார். பிறகு சத்தாரா என்ற சிறிய நகரத்தில் குடியேறினார். அங்கே பீமாபாய் இறந்துபோனார். பீம் அப்போது சின்னஞ்சிறுவன். ராம்ஜியின் அக்கா மீரா அத்தைதான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு உடல் ஊனம் உண்டு. அந்த அம்மையாரைப் பற்றி நம் மேடைகளில் யாரும் பேசுவதில்லை. தாயில்லாத பீமைத் தூக்கி வளர்த்த கை அவருடையது.

1900 நவம்பர் 7 அன்று சத்தாரா அரசுப் பள்ளியில் ராம்ஜி தன் மகனைச் சேர்த்தார். மகாராஷ்டிரத்தில் அந்த நாளை இப்போது மாணவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பள்ளியில் பீம் தனிச் சாக்குப்பையில் உட்கார்ந்ததும், பியூன் வந்து மேலிருந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்பதும் நமக்குத் தெரிந்த கதைகள். ஊரில் எந்த நாவிதரும் தொட மாட்டார் என்பதால் பிள்ளைகளுக்கு முடி வெட்டியது வீட்டில் இருந்த அக்காதான்.

1901இல் நடந்ததை அம்பேத்கரே விரிவாக எழுதியிருக்கிறார். பஞ்சத்தில் ஆயிரக்கணக்கில் மக்கள் செத்துக்கொண்டிருந்த நேரம். மக்களுக்கு வேலை கொடுக்க அரசு சத்தாரா மாவட்டத்தில் ஓர் ஏரி வெட்டியது. அந்த ஏரி வேலையில் காசாளராக ராம்ஜி இருந்தார். கோடை விடுமுறைக்கு அப்பாவிடம் போகலாம் என்று பிள்ளைகள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு ரயில் ஏறினார்கள். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப்போக ஆள் இல்லை. அனுப்பிய கடிதத்தை வேலையாள் ராம்ஜியிடம் கொடுக்கவே இல்லை. இரட்டைக் கூலி கொடுத்து, தாங்களே வண்டியோட்டிக்கொண்டு, இரவெல்லாம் தாகத்தோடு போனார்கள். கையில் சாப்பாடு இருந்தது. தண்ணீர் தர ஆள் இல்லை.

ஒன்றை மட்டும் யோசியுங்கள், தோழர்களே. அப்பா வேலை பார்ப்பது எங்கே? தண்ணீருக்காக வெட்டப்படும் ஏரியில். அந்த ஏரிக்குக் கூலி எண்ணிக் கொடுப்பவரே அவர்தான். அவருடைய பிள்ளைகளுக்கு வழியில் ஒரு வாய் தண்ணீர் இல்லை. பதவி வரும், சம்பளம் வரும், சீருடை வரும். சாதி தண்ணீர்ப் பானையின் மூடியில் உட்கார்ந்திருக்கும். சாலையோரத்தில் தாகத்தோடு கிடந்த அந்தச் சிறுவன்தான் 1927இல் மகாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார்.

ஒற்றையறை வீட்டின் இரவுகள்

1904இல் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த சால் வீடு. ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அம்மிக்கல், ஆடு, பாத்திரம் பண்டம், மனிதர்கள். பீம் படிக்க இடமில்லை. ராம்ஜி ஒரு வழி கண்டுபிடித்தார். மகனை முன்னிரவிலேயே தூங்க வைப்பார். தான் விழித்திருப்பார். ஊர் அடங்கிய பிறகு இரண்டு மணிக்கு மகனை எழுப்பி விளக்கடியில் உட்கார வைத்துவிட்டு, அவன் எழுந்த இடத்தில் தான் படுப்பார். இருந்த இடம் ஒன்று, இருவரும் முறை வைத்துக்கொண்டார்கள். பட்டாளத்தில் பாரா மாற்றுவது போல.

பையனுக்குப் புத்தக வெறி. ராம்ஜி கையில் இருந்ததோ சொற்ப ஓய்வூதியம். பம்பாயில் வாழ்க்கைப்பட்ட மகள்கள் வீட்டுக்குப் போய்க் கடன் கேட்பார். அங்கே பணம் இல்லையென்றால் நகையைக் கேட்டு வாங்கிப்போய் அடகு வைப்பார். புத்தகத்தோடு வீட்டுக்கு வருவார். ஓய்வூதியம் வந்ததும் முதல் வேலையாக நகையை மீட்டுக் கொடுப்பார். அடுத்த மாதம் இன்னொரு புத்தகம், இன்னொரு அடகு.

இதைச் சொல்லும்போது கைதட்டுகிறோம். கைதட்டல் யாருக்கு எல்லாம் போக வேண்டும் என்றும் பார்க்க வேண்டும். அந்த நகை மகள்களுடையது. அவர்கள் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. இரண்டு பையன்களையும் சேர்த்துப் படிக்க வைக்க முடியாது என்றபோது அண்ணன் ஆனந்தராவ் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். ஒரு பிள்ளை எல்ஃபின்ஸ்டன் பள்ளியில் படிக்க ஒரு குடும்பமே தன்னைச் சுருக்கிக்கொண்டது. அந்த ஒரு பிள்ளை கோடிப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தான் என்பதால் கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனாலும் மஞ்சுளாவையும் துளசாவையும் ஆனந்தராவையும் மறக்கக் கூடாது.

அப்பாவோடு சண்டை

ராம்ஜியை மகானாக்க எனக்கு விருப்பமில்லை. அவர் கபீர் பந்தியைச் சேர்ந்தவர். மது தொடாதவர். ஜோதிராவ் ஃபுலே மீது மதிப்பு வைத்தவர். அதே சமயம் தீவிர பக்திமான். பிள்ளைகளை உட்கார வைத்து மகாபாரதமும் ராமாயணமும் வாசிக்கச் சொல்வார். பீம் சும்மா இருப்பானா? பார்ப்பனரை உயர்த்தி நம்மை இழிவாகப் பேசும் நூல்களை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டான். அப்பா என்ன பதில் சொன்னார் என்பதை அம்பேத்கர் பின்னாளில் எழுதியிருக்கிறார். தீண்டப்படாத பிள்ளைகளுக்குத் தாழ்வுணர்ச்சி வந்துவிடக் கூடாது, சின்ன நிலையில் பிறந்த கர்ணனும் வால்மீகியும் எவ்வளவு உயர்ந்தார்கள் பார் என்று காட்டத்தான் படிக்கச் சொல்கிறேன் என்றார் ராம்ஜி. மகனுக்கு அந்தப் பதில் போதவில்லை. போதாமல் போனதுதான் நம் வரலாறு.

ஆனால் அந்தத் தகப்பன் செய்ததைக் கவனியுங்கள். கேள்வி கேட்டதற்காக அடித்து வாயை மூடவில்லை, காரணம் சொன்னார். காரணம் கேட்டுப் பழகிய பிள்ளை பெரியவனானபோது சாத்திரங்களிடமும் காரணம் கேட்டான். ராம்ஜி என்ற பெயரில் ராமனைத் தேடுகிறவர்கள் இந்தக் காட்சியையும் சேர்த்துப் படிக்கட்டும். அந்த வீட்டில் ராமாயணம் இருந்தது, அதைக் கேள்வி கேட்ட பிள்ளையும் இருந்தான்.

மனைவி இறந்த பிறகு ராம்ஜி மறுமணம் செய்துகொண்டார். தன் தாயின் நகையைச் சிற்றன்னை போட்டிருப்பதைக் கண்டு பீமுக்குக் கோபம். இனி அப்பாவின் கையை எதிர்பார்க்கக் கூடாது, ஆலை வேலைக்குப் போய்விடலாம் என்றுகூட அந்தச் சிறுவன் நினைத்தான். எல்லார் வீட்டிலும் இருப்பது போன்ற மனக்கசப்பு அந்த வீட்டிலும் இருந்தது. அந்தக் கசப்புக்கு நடுவிலும் புத்தகம் வருவது நிற்கவில்லை.

மகன் பட்டம் பெற்று, 1913 ஜனவரியில் பரோடா சமஸ்தானத்து வேலைக்குப் போனார். ராம்ஜிக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே சாதி உன்னை என்ன பாடு படுத்துமோ என்ற பயம். பட்டாளத்திலும் பஞ்ச வேலையிலும் ஊர் ஊராக அலைந்தவருக்கு அது தெரியாதா? சில நாட்களில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி. பீம்ராவ் புறப்பட்டார். வழியில் சூரத்தில் அப்பாவுக்குப் பிடித்த இனிப்பு வாங்க இறங்கினார். ரயில் போய்விட்டது. அடுத்த நாள்தான் பம்பாய் வந்தார். ராம்ஜியின் கண்கள் மகனைத் தேடிக்கொண்டிருந்தன. வந்த மகனின் முதுகைத் தடவினார். உயிர் பிரிந்தது.

அதே ஆண்டு ஜூலையில் அம்பேத்கர் நியூயார்க் போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதைப் பார்க்க அந்தக் கிழவருக்கு ஐந்து மாதம் கிடைக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1923இல், 'ரூபாயின் சிக்கல்' என்ற நூல் லண்டனில் வெளிவந்தது. அதை அவர் தன் தந்தைக்கும் தாய்க்கும்தான் காணிக்கையாக்கினார்.

நம் காலத்து ராம்ஜிகள்

இதையெல்லாம் பழங்கதையாகச் சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. அம்பேத்கர் உருவானதற்கு அவருடைய அறிவைச் சொல்கிறோம், பரோடா மன்னரின் உதவித்தொகையைச் சொல்கிறோம். இரண்டும் சரி. அவற்றுக்கு முன்னால் ஒரு சங்கிலி இருக்கிறது. அரசு வேலை, அந்த வேலையோடு வந்த கல்வி, ஓய்வுக்குப் பிறகு மாதாமாதம் வந்த ஓய்வூதியம். அடகு வைத்த நகை மீண்டது ஓய்வூதியத்தால். அது இல்லையென்றால் முதல் புத்தகத்தோடு கதை முடிந்திருக்கும்.

2022 ஜூன் மாதம் ஒன்றிய அரசு அக்னிபாத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நான்கு ஆண்டு பட்டாள வேலை. முடிந்ததும் நான்கில் ஒருவருக்கு மேல் நிரந்தரமாக்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு ஒரு தொகையைக் கொடுத்து அனுப்புவார்கள், ஓய்வூதியம் கிடையாது. தமிழ்நாட்டு அரசு வேலைகளிலும் 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்தை எடுத்துவிட்டார்கள். துப்புரவு வேலை ஒப்பந்தத்துக்குப் போய்விட்டது. 1892இல் 'நீ வீரச் சாதியில்லை' என்று கதவைச் சாத்தினார்கள். இப்போது சாதி பெயர் சொல்லாமல் 'செலவு அதிகம்' என்று சாத்துகிறார்கள். கதவு சாத்தப்படும்போது வெளியே நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

நம் சேரிகளில் 'பட்டாளத்தார் வீடு' என்று ஒன்று இருக்கும். தெருவில் முதலில் ஓடு மாற்றிய வீடு, முதலில் ரேடியோ பாடிய வீடு, ஊர்க்காரன் முன்னால் துண்டை இடுப்பில் கட்ட மறுத்த முதல் ஆள் இருந்த வீடு. மனு எழுத வேண்டுமென்றால் அங்கேதான் போவார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளையை அவர்தான் காதைத் திருகி அனுப்புவார். அப்படிப்பட்டவர்களைப் பற்றி எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் ஒரு வரி இருக்காது. அவர்கள் வளர்த்த பிள்ளைகள் எல்லாம் அம்பேத்கர் ஆகவில்லை. ஆசிரியராகவும் செவிலியராகவும் வழக்கறிஞராகவும் ஆனார்கள். இயக்கம் அவர்கள் தோளில்தான் நிற்கிறது.

எனவே இங்கே வந்திருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் அப்படி ஒரு தாத்தா உயிரோடு இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு சேர்ந்தார், என்ன சம்பளம் வாங்கினார், ஊருக்குத் திரும்பியபோது ஊர் அவரை எப்படி நடத்தியது, யார் நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். பாட்டியிடமும் கேளுங்கள். அடகுக் கணக்கு பாட்டிக்குத்தான் சரியாகத் தெரியும்.

இனி டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் என்று எழுதும்போது அந்த 'ஆர்' என்ற எழுத்தைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுங்கள். யாராவது அதைக் காட்டி ராமன் என்று சொன்னால், அது இரண்டு மணி வரை கண்விழித்துக் காவலிருந்த ஒரு சுபேதாரின் பெயர் என்று சொல்லுங்கள்.